‘உதை ஆர் கட்டினது?’ - சித்தப்பாவோட கொழும்பு சுத்தின கதை

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு கொழும்பு எண்டுறது ஒரு ஊரே இல்ல, அது ஒரு அலுவல். பாஸ்போட் அலுவல், விசா அலுவல், கண் டொக்டர், காது டொக்டர், கனடாவில இருந்து வாற மகளை எயார்போட்டில போய்க் கூப்பிடுற அலுவல். இரவு பஸ்ஸில ஏறி விடியப்புறம் வெள்ளவத்தையில கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, அலுவலை முடிச்சு, நேரம் மிஞ்சினால் காலி வீதியில ரெண்டு கடை ஏறி இறங்கி சாறி பாத்து, திரும்ப இரவு பஸ். கொழும்பில என்ன பாத்தனீங்கள் எண்டு கேட்டால் காலிமுகத்திடல் எண்டுவினம், இளசுகள் எண்டால் தாமரைக் கோபுரத்தையும் சேத்துச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

என்ர சித்தப்பாவும் அந்த ரகம்தான். நில அளவைத் திணைக்களத்தில வேலை செய்து பென்சன் எடுத்தவர், வருசக்கணக்கா கொழும்புக்கு வந்து போறவர், ஆனா ஒரு இடமும் பாக்கேல்ல. இந்தமுறை ஒரு செக்கப்புக்கு வந்தவருக்கு ரிப்போட் வரக் கொஞ்ச நாள் செல்லும் எண்டு சொல்லிப்போட்டினம். எங்கட பிளட்டுக்குள்ள அவரை வச்சிருக்கிறது லேசான வேலை இல்ல, பல்கனியைக் காலடியால அளந்து பாத்து, ‘பிள்ளை, உவன் புரோசரில போட்ட அளவு இங்க இல்ல’ எண்டு சொல்லத் தொடங்கிட்டார். அதுக்குமேல விட்டால் பில்டர்காரனோட சண்டைக்குப் போயிடுவார் எண்டு பயந்து, வாங்கோ சித்தப்பா கொழும்பைக் காட்டுறன் எண்டு வெளிக்கிடுத்தினன்.

இதை வாசிக்கிற ஆக்களுக்கு முதல்லயே ஒண்டு சொல்லிடுறன். கொழும்பு பாக்கிறதெண்டால் தயவுசெய்து காலிமுகத்திடல்ல தொடங்காதேங்கோ. எல்லாரும் அங்கதான் தொடங்கினம், கடலைப் பாத்து இறால் வடை சாப்பிட்டுப் போட்டு கொழும்பு முடிஞ்சுது எண்டு வீட்ட போயினம். தொடங்க வேண்டிய இடம் புறக்கோட்டை. சத்தம், சனம், வேர்வை எல்லாம் இருக்கும்தான், ஆனா ஊரின்ர கதை அங்கதான் தொடங்குது.

வெள்ளவத்தையில 100ஆம் நம்பர் பஸ்ஸில ஏறி இடப்பக்கம் ஜன்னலோட இருந்தால் ஒவ்வொரு ஒழுங்கை முடிவிலயும் ஒரு துண்டுக் கடல் தெரியும், வந்து வந்து மறையும். சித்தப்பா பம்பலப்பிட்டி தாண்டுற வரைக்கும் அதையே பாத்துக்கொண்டு வந்தார். புறக்கோட்டையில இறங்கி சனத்துக்குள்ளால நெரிஞ்சு வெளிய வர முன்னால நிக்கிறது கான் மணிக்கூட்டுக் கோபுரம். அவற்ற முதல் கேள்வி அங்க வந்துது. ‘உதை ஆர் கட்டினது?’

பம்பாயில இருந்து வந்த பார்சிக் குடும்பம் ஒண்டு, கான் எண்டு பேர், கொழும்பில எண்ணெய் ஆலை வச்சிருந்த ஆக்கள், தங்கட தகப்பன்ர நினைவா 1923ல கட்டிக் குடுத்தது எண்டு சொன்னன். ‘பார்சியோ’ எண்டு ஒருக்கா மேல பாத்தார், பிறகு தன்ர கைமணிக்கூட்டைப் பாத்தார். சரிபிழை சொல்லேல்ல. அதுக்குப் பிறகு போன இடமெல்லாம் இந்தக் கேள்விதான். எவ்வளவு உயரம், எவ்வளவு காசு எண்டு ஒண்டும் இல்ல, ஆர் கட்டினது எண்டது மட்டும்தான். நானும் முதல் நாள் இரவே கொஞ்சம் வாசிச்சு வச்சிருந்தபடியால் தப்பினன்.

ரெண்டாம் குறுக்குத் தெருவுக்குள்ள போறது எண்டால் ஒரு வித்தை. நாட்டாமிமார் தலையிலயும் வண்டிலிலயும் மூட்டையை ஏத்திக்கொண்டு கத்திக்கொண்டு வருவினம், லொறி ஒண்டு றிவேஸ் எடுக்கும், நடுவில ஒருத்தர் சார்ஜர் வயர் வித்துக்கொண்டு நிப்பார். அதுக்குள்ள திடீரெண்டு தலையை நிமித்தினால் சம்மாங்கோட் பள்ளிவாசல், சிங்களத்தில ரத்து பள்ளி எண்டுறது. சிவப்பும் வெள்ளையும் வரி வரியா, திருவிழாக் கடையில விக்கிற முறுக்கின இனிப்புக் குச்சி கணக்கா இருக்கும். ஆனா கிட்டப் போய்ப் பாத்தால்தான் விளங்கும், ஒரே வரி இல்ல. ஒரு தூணில நேர் வரி, அடுத்ததில சுத்திச் சுத்தி ஏறுற வரி, இன்னொண்டில சதுரம் சதுரமா தாயக்கட்டம். மேல குவிமாடங்கள் மாதுளம்பழ வடிவம். 1908ல தொடங்கி 1909ல முடிச்சிருக்கினம். தென்னிந்தியாவில இருந்து வந்து இங்க வியாபாரம் செய்த முஸ்லிம் ஆக்கள் கட்டினது, பிளான் கீறினவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை எண்டவர், அவர் கட்டிடக்கலை படிச்ச ஆள் கூட இல்ல. வியாபாரிமார் தாங்கள் இந்தியாவில கண்ட கட்டிடங்களைப் பற்றிச் சொன்னதை வச்சுக் கீறினவராம். அந்தக் காலத்தில கப்பல்ல வாற ஆக்கள் தூரத்தில இருந்தே இதைப் பாத்துத்தான் கொழும்பு வந்துட்டுது எண்டு பிடிப்பினமாம். இப்ப சுத்திவர எழும்பின கடைகளுக்குள்ள ரோட்டில நிண்டே முழுசாப் பாக்க ஏலாது, போட்டோ எடுக்கிறதெண்டால் முன்னால இருக்கிற கடை ஒண்டில கெஞ்சி மேல்மாடிக்குத்தான் ஏற வேணும்.

சித்தப்பா பிளான் கீறின கதையைக் கேட்டுப் போட்டு அப்பிடியே நிண்டிட்டார். தொழில் அப்பிடி. ‘படிக்காமலோ’ எண்டு திரும்பவும் கேட்டார். ஓம் எண்டன். ஒரு நாட்டாமி வந்து முதுகில இடிச்ச பிறகுதான் நகர்ந்தவர்.

பழைய நகர மண்டபம் பக்கத்தில்தான். 1873ல கட்டினது. அதுக்குள்ள பழைய ரோட்டு உருளை மெசின், இரும்புச் சாமான் எல்லாம் கிடக்கு, மேல மாடியில அந்தக் கால மாநகரசபைக் கூட்டம் நடக்கிற மாதிரி சிலைகளைக் கதிரையில இருத்தி வச்சிருக்கினம். ஒருதரும் பாக்க வாறேல்ல. சித்தப்பா மட்டும் அந்தச் சிலைகளுக்கு முன்னால நிண்டு, ‘உவையளும் ஒண்டும் செய்யேல்லப் போல’ எண்டார். பக்கத்தில கைமன் கேட் மணிக்கூண்டு. பழைய தலைநகரமான கோட்டேயில இருந்த போத்துக்கேயர் காலத்துத் தேவாலயத்து மணி எண்டு சொல்லினம். அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எனக்கு வெறுத்துப் போச்சு, வியாபாரச் சாமானுகளுக்குள்ள மறைஞ்சு நிக்குது.

அங்கால செட்டியார் தெரு. நகைக்கடை, நகைக்கடை, நகைக்கடை. நடுவில பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில். ஆடிவேல் திருவிழா நேரம் இங்கயிருந்துதான் தேர் பம்பலப்பிட்டிக்கு வெளிக்கிடும், காலி வீதி முழுக்க றபிக் நிண்டிடும், சின்னனில எங்களுக்கு அதுதான் பெரிய கொண்டாட்டம். சித்தப்பா நகைக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே நடந்தவர். தெரு முடியேக்க மெல்லமாச் சொன்னார், ‘சித்தியிட்டச் சொல்லிப்போடாத, நாங்கள் உந்தத் தெருவால வந்தனாங்கள் எண்டு.’

அங்கயிருந்து கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில். எனக்குக் கேட்டால் கொழும்பில ஒரே ஒரு இடம்தான் பாக்க நேரம் இருக்கு எண்டு ஆரும் சொன்னால் இங்கதான் அனுப்புவன். வெளிய இருந்து பாக்க அவ்வளவு பெரிசாத் தெரியாது. உள்ள போனால் முழுக்கக் கருங்கல். எங்கட ஊர்க் கோயிலுகள் மணிக்கூட்டுக் கோபுரமும் வர்ணப் பெயின்றும் பளபளவெண்டு இருக்குமெல்லோ, இது அப்பிடி இல்ல, வெளிச்சம் குறைவு, தூண் வரிசை உள்ள போகப் போக இருண்டுகொண்டு போகும், எண்ணெய் விளக்குப் புகையும் கற்பூரமும் சேந்து அந்தக் கல்லில ஒரு வாசம் ஊறிக் கிடக்கு. தரையில எண்ணெய் பட்டுப் பட்டுக் கால் கொஞ்சம் ஒட்டும். வெளிய தார் ரோட்டில வெறுங்கால் வைக்க ஏலாத வெயில், உள்ள கல் சில்லெண்டு இருக்கும்.

பொன்னம்பல முதலியார் முதல்ல கட்டுவிச்ச கோயில். அதை அவற்ற மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில கருங்கல்லால திருப்பிக் கட்டினவர். இதை நான் சொல்ல வெளிக்கிட முதல் சித்தப்பாவே சொல்லிட்டார், ‘மருதனார்மடத்தில பெட்டையளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினவர்தானே’ எண்டு. அந்தப் பள்ளிக்கூடம் 1913. கோயிலை முடிச்ச கையோட அங்க போய்த் தொடங்கியிருக்கிறார் போல. சித்தப்பா சேட்டைக் கழட்டித் தோளில போட்டுக்கொண்டு தூணைச் சுத்திச் சுத்தி வந்தார். ஒரு தூணில கல்லும் கல்லும் பொருந்துற இடத்தில நகத்தை வச்சுப் பாத்து, ‘நகம் போகேல்ல பார்’ எண்டு என்னையும் வச்சுப் பாக்கச் சொன்னார். உண்மைதான், போகேல்ல. ஐயர் ஒருத்தர் எங்களை ஒரு மாதிரிப் பாத்தார், நாங்கள் சாமியைக் கும்பிடாமல் தூணைத் தடவிக்கொண்டு நிக்கிறம் எண்டு.

வெளிய வந்து தேத்தண்ணி குடிக்கேக்கதான் சித்தப்பா சொன்னார், இந்தப் பக்கத்தில ஒரு லொட்ஜில சண்டைக் காலத்தில தங்கியிருக்கிறாராம். பொலிஸ் பதிவுத் துண்டை சேட் பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டு, அலுவலுக்குப் போறது, லொட்ஜுக்கு வாறது, கதவைப் பூட்டுறது. 2007 ஜூனில லொட்ஜுகளில இருந்த தமிழாக்களை பஸ்ஸில ஏத்தி ஊருக்குத் திருப்பி அனுப்பினதும், அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் அதுக்குத் தடை போட்டதும் எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அவர் அதுக்குக் கொஞ்சம் முதல் ஊருக்குப் போயிட்டார். ‘உந்தக் கோயில் ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருந்திருக்கு’ எண்டார். பிளேன்டீயை உறிஞ்சிக் குடிச்சுப்போட்டு இன்னொண்டு கேட்டார்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கும் நடந்தே போகலாம். செவ்வாய்க்கிழமை எண்டால் கால் வைக்க இடம் இருக்காது, சைவக்காரர், சிங்கள ஆக்கள், முஸ்லிம் ஆக்கள், ஆர் வாறேல்ல எண்டு கேக்க வேணும். என்ர அம்மாவே ஓ.எல் சோதினைக்கு எனக்காண்டி அங்க மெழுகுதிரி கொளுத்தினவா. 2019 ஏப்ரல் 21, ஈஸ்ரர் ஞாயிறு பூசை நேரம் இங்கயும் குண்டு வெடிச்சது. அண்டைக்கு நாடு முழுக்கச் செத்தது 260 பேருக்கு மேல. ரெண்டு மாசம் ஆக முதல், ஜூன் மாசம் திரும்பத் திறந்திட்டினம். நாங்கள் போனது சனம் இல்லாத நாள், ஒரு வயசுபோன அம்மா முழந்தாளில நடந்து போய்க்கொண்டு இருந்தா. பையைச் செக் பண்ணித்தான் உள்ள விடுவினம்.

வொல்வெண்டால் தேவாலயத்தைப் பற்றி ஒருதரும் கதைக்கிறேல்ல, அதுதான் எனக்கு விளங்காத விசயம். டச்சுக்காரர் 1749ல தொடங்கி 1757ல முடிச்ச தேவாலயம், மேட்டில நிக்குது, அந்தக் காலத்தில கடல்ல இருந்தே தெரிஞ்சிருக்கும். சுவர் கிட்டத்தட்ட 5 அடி தடிப்பு. சித்தப்பா ஜன்னல் குழிக்குள்ள கையை நீட்டிச் சாண் வச்சுப் பாத்தார், அவற்ற கணக்கும் சரி வந்துது. உள்ள தரை முழுக்கக் கல்லறைக் கல், டச்சுப் பேருகள், குடும்பச் சின்னங்கள். கோட்டைக்குள்ள இருந்த பழைய தேவாலயத்தில கிடந்த பெரிய மனுசரின்ர எலும்புகளையும் கல்லுகளையும் 1813ல இங்க கொண்டந்து வச்சவையாம். அப்ப வெள்ளைக்காரர் வந்து டச்சுக்காரரின்ர ஆட்சியும் போயிட்டுது, செத்த ஆக்களையும் கிளப்பியாச்சு. இதைவிட நல்ல டச்சுக் கட்டிடம் கொழும்பில இல்ல எண்டது என்ர எண்ணம். கோட்டையில இருக்கிற டச்சு ஆஸ்பத்திரியை எல்லாரும் தூக்கிப் பிடிக்கினம், ஆனா அது இப்ப முழுக்க ரெஸ்ரோரண்டும் உடுப்புக் கடையும். முற்றத்தில இருந்து ஒரு ஜூஸ் குடிச்சம், பில்லைப் பாத்து சித்தப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுத் திரும்பப் பாத்தார். ‘ஆஸ்பத்திரி அலுவலா வந்த என்னை ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு வந்திட்டாய்’ எண்டு வேற.

கோட்டைக்குள்ள அவருக்குப் பிடிச்சது மணிக்கூட்டு வெளிச்சவீடு. ரோட்டுக்கு நட்ட நடுவில ஒரு வெளிச்சவீடு நிக்கிறது வேற எங்கயும் பாத்திருக்க மாட்டியள். 1857ல மணிக்கூட்டுக் கோபுரமாத்தான் கட்டினது, கவர்னர் வார்ட்டின்ர மனுசிதான் டிசைன் பண்ணினவா. பத்து வருசம் கழிச்சு மேல வெளிச்சம் வச்சு வெளிச்சவீடும் ஆக்கிட்டினம், ஒரு செலவில ரெண்டு அலுவல். பிறகு பக்கத்துக் கட்டிடங்கள் உயர்ந்து வெளிச்சம் கடலுக்குத் தெரியாமல் போக 1952ல அணைச்சுப் போட்டு கடற்கரையில புதுசு கட்டினவை. சண்டைக் காலத்தில, 1996 மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு, இந்தப் பக்கமெல்லாம் வேலி, தடை, செக் பொயின்ற். அதாலதான் எங்கட வயசு ஆக்கள் கனபேருக்கு இந்தக் கோபுரம் இருக்கிறதே தெரியாது.

இதெல்லாம் ஒரே நாளில பாத்ததெண்டு நினைக்காதேங்கோ. அவற்ற முழங்காலும் என்ர லீவும் விட்டால்தானே. மியூசியத்துக்கு எண்டு ஒரு காலமையைத் தனியா ஒதுக்கினனான்.

தேசிய நூதனசாலை, 1877ல திறந்தது. வெள்ளைக் கட்டிடம், முன்னால பெரிய ஆலமரங்கள், பள்ளிக்கூடப் பிள்ளையள் லைனா நிண்டு சத்தம் போட்டுக்கொண்டு. கவர்னர் கிரெகரி காலத்தில ஸ்மிதர் எண்ட வெள்ளைக்காரர் பிளான் கீற, கட்டி முடிச்சவர் வாப்பிச்சி மரைக்கார் எண்ட கொழும்பு முஸ்லிம் கொந்தராத்துக்காரர். புறக்கோட்டைப் பழைய நகர மண்டபமும் அவற்ற வேலைதான். திறப்பு விழாவில கவர்னர் என்ன பரிசு வேணும் எண்டு கேக்க, வெள்ளிக்கிழமையில இதைப் பூட்டி வையுங்கோ எண்டு மட்டும் மரைக்கார் கேட்டாராம் எண்டு ஒரு கதை இருக்கு. உண்மையோ கட்டுக்கதையோ, சித்தப்பாவுக்கு அந்த ஆளை நல்லாப் பிடிச்சுப் போச்சு. ‘காசு கேக்கேல்லப் பார்’ எண்டு ரெண்டு மூண்டு தரம் சொன்னார்.

கண்டி ராசாவின்ர சிம்மாசனம் இருக்கு, பொலன்னறுவையில எடுத்த நடராசர் சிலையள் இருக்கு, சிம்மாசனத்துக்கு முன்னால எப்பவும் சனம். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனது அந்தக் கல்லைப் பாக்கத்தான். காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனாவில இருந்து பெரிய கப்பல் படையோட வந்த செங் ஹே கொண்டந்து நாட்டினது, நாஞ்சிங்கில 1409ல வெட்டின கல்லு. வலப்பக்கம் சீனம், மேல இருந்து கீழ. இடப்பக்கம் மேல தமிழ், அதுக்குக் கீழ பாரசீகம். பாரசீகம் தேஞ்சு போச்சு. 1911ல காலியில ஒரு மதகில குப்புறக் கிடந்த கல்லைத்தான் கண்டெடுத்தவை, 500 வருசத்துக்குப் பிறகு.

இதில சுவாரசியம் என்னெண்டால், மூண்டு மொழியிலயும் மூண்டு சாமி. சீனத்தில புத்தருக்குக் காணிக்கை குடுத்ததா எழுதியிருக்கு. தமிழில தேனாவரை நாயினாருக்கு, அதாவது தெற்குக் கரையில தெவிநுவரயில இருந்த விஷ்ணு கோயில் சாமிக்கு. பாரசீகத்தில அல்லாஹ்வுக்கு. காணிக்கைச் சாமான் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒண்டுதான், பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் எண்டு போகுது பட்டியல். சித்தப்பா கண்ணாடியை நெத்திக்கு ஏத்திப்போட்டு கல்லுக்குக் கிட்டக் குனிஞ்சு எழுத்துக் கூட்டத் தொடங்கினார். புள்ளி இல்லாத பழைய எழுத்து, லேசில வாசிக்க ஏலாது, அங்கயும் இங்கயும் ஒரு எழுத்து பிடிபடும். ஒரு ‘ர’வோ என்னவோ பிடிபட்ட உடன என்ர கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டினார். காவலுக்கு இருந்த தம்பி, ‘ஐயா, கல்லைத் தொடாதீங்க’ எண்டான், வடிவான தமிழில.

‘எல்லாருக்கும் ஒரே அளவு குடுத்திருக்கிறான். கெட்டிக்காரன்’ எண்டார் சித்தப்பா. பிறகு நடந்த கதையையும் சொன்னன். அதே செங் ஹே திரும்ப வந்தபோது இங்க ஆட்சியில இருந்த அழகக்கோனாரோட சண்டை வந்து, 1411ல ஆளையே பிடிச்சுச் சீனாவுக்குக் கொண்டுபோனவர். பேரரசர் பிறகு மன்னிச்சு விட்டது வேற கதை. தேனாவரைக் கோயிலை 1588ல போத்துக்கேயர் இடிச்சுப் போட்டினம். கல்லு மட்டும் இங்க இருக்கு. சித்தப்பா ஒண்டும் சொல்லேல்ல, கொப்பி ஒண்டை எடுத்து எதையோ எழுதினார்.

அண்டைக்கே பின்நேரம் தாமரைக் கோபுரம். இது எனக்கு அவ்வளவு விருப்பமில்லாத இடம், வெளிப்படையாச் சொல்லுறன். 350 மீட்டர், தெற்காசியாவில உயரம், ஊதாப் பூ, எல்லாம் சரி. சீனக் கடன்ல கட்டினது, 2012ல தொடங்கி, சனத்துக்குத் திறந்தது 2022 செப்டெம்பர். அந்த வருசம் நாங்கள் எல்லாரும் சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் லைனில நிண்ட வருசம் எண்டதை மறக்கேலாது. லிப்டில காது அடைச்சுக்கொண்டு மேல போய்ப் பாத்தால் நாலு பக்கமும் கொழும்பு. தூரத்தைப் பாக்காதேங்கோ, கிட்டக் கீழ பாருங்கோ. பேரை வாவி, தகரக் கூரைகள், அதுக்குப் பக்கத்திலயே கண்ணாடி மாடிகள், மருதானைப் பக்கம் றெயின் தண்டவாளம். சித்தப்பா புறக்கோட்டைப் பக்கம் நிண்டுகொண்டு சிவப்புப் பள்ளிவாசலைத் தேடினார். கட்டிடங்களுக்குள்ள எங்கயோ ஒரு துளிச் சிவப்பு தெரிஞ்சுது, அதுதான் எண்டு சாதிச்சார், நானும் ஓம் எண்டன்.

‘உதை ஆர் கட்டினது எண்டு நான் கேக்கேல்ல, தெரியும்’ எண்டு இறங்கேக்க சொன்னார். ‘காலமை பாத்த ஆக்கள்தானே. அப்ப குடுத்திட்டுப் போனவை, இப்ப கடனாக் குடுத்திருக்கினம்.’

கடைசியாத்தான் காலிமுகத்திடல். வெள்ளிக்கிழமை பாத்துப் போனதால சித்தப்பா இறால் வடை தொடேல்ல, உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய் வாங்கித் திண்டார், நான் வெக்கமில்லாமல் அவருக்கு முன்னாலயே ரெண்டு வடை சாப்பிட்டன். அந்த வடையில இறால் முழுசா மேல குந்திக்கொண்டு இருக்கும், மொறுமொறுவெண்டு தலையோட கடிக்க வேணும், மேல போடுற வெங்காயச் சம்பலில கண்ணால தண்ணி வரும். நடைபாதைக்கு 1859ல நாட்டின ஒரு கல்லு இருக்கு, கவர்னர் வார்ட் தனக்குப் பிறகு வாற கவர்னர்மாருக்கு, கொழும்பின்ர பெண்களுக்காகவும் பிள்ளையளுக்காகவும் இந்த இடத்தைக் கவனமாப் பாருங்கோ எண்டு எழுதி வச்சிருக்கிறார். பெண்டுகளும் பிள்ளையளும் பட்டம் விட்டுக்கொண்டு நிக்கினம், அது நடக்குதுதான். ஆனா 2022 ஏப்ரலில இருந்து கூடாரம் அடிச்சு சனாதிபதியை வீட்ட போ எண்டு கேட்ட பெடி பெட்டையளையும் இதே புல்லுத்தான் தாங்கினது. எதிரில நிக்கிற பழைய பாராளுமன்றக் கட்டிடம், 1930ல திறந்தது, அதின்ர வாசலுக்கு முன்னாலதான் எல்லாம். அந்த மே 18 அண்டைக்கு, சண்டையின்ர முடிவில செத்த தமிழாக்களை நினைச்சு, அங்க முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுத்தவை. கொழும்பில, காலிமுகத்திடல்ல, பகிரங்கமா. நான் போட்டோவில பாத்துட்டு நம்பாமல் திரும்பப் பாத்தனான்.

முந்தி இங்க நிண்டால் வடக்குப் பக்கமும் கடல்தான். இப்ப அந்தப் பக்கம் போட் சிற்றி. கடலுக்குள்ள மண்ணைக் கொட்டி நிரப்பின 269 ஹெக்டேயர். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னதும் கண் விரிஞ்சுது. பென்சன் எடுத்தாலும் நில அளவைக்காரர் நில அளவைக்காரர்தானே. கொப்பியை எடுத்தார், ஹெக்டேயரை ஏக்கராக்கினார், எங்கட யாழ்ப்பாணத்துக் காணிக் கணக்கில ஏக்கருக்கு 16 பரப்பு எண்டு பெருக்கினார். 10,600 பரப்புக்கு மேல வந்துது.

‘பத்தாயிரம் பரப்பு,’ எண்டார், ‘ஒரு பழைய உறுதி இல்ல, ஒரு எல்லைக் கல்லு இல்ல, கிழக்கு எல்லை பூவரச மரம் எண்டு எழுத ஒரு மரம் கூட இல்ல. முதுசம் இல்ல, சீதனம் இல்ல, தமையன் தம்பி வழக்கு இல்ல. உப்பிடி ஒரு காணி அளக்கக் கிடைக்கேல்லையே எனக்கு.’ உண்மையாகவே கவலைப்பட்டார் மனுசன். யாழ்ப்பாணத்தில ஒரு வேலிக்காக மூண்டு தலைமுறை கோட்டுக்குப் போன காணியெல்லாம் அளந்த ஆள்.

ரிப்போட் வந்துது, பயப்பிட ஒண்டுமில்ல. ஊருக்குப் போயிட்டார். போன கிழமை போன் எடுத்து, கோட்டையில இருந்து மாத்தறைக்கு றெயின் எத்தினை மணிக்கு, அங்கயிருந்து தெவிநுவர எவ்வளவு தூரம், ஓட்டோவில போகலாமோ எண்டு கேட்டார். அந்தக் கல்லில பேர் இருக்கிற கோயில் நிண்ட இடத்தைப் பாக்க வேணுமாம். சித்தியும் வாறாவாம். சித்தி வந்தால் செட்டியார் தெருவுக்கும் போகத்தான் வேணும், அதை நான் அவருக்கு இன்னும் சொல்லேல்ல.